சமதரை நாக்பூரில் இருக்கிறது

பூமி உருண்டை என்பது எனக்கும் உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சொன்ன சேதி. என் மனைவி மரகதத்துக்கு அது காலிலேயே தெரியும். நிற்கிற இடத்தில் பூமி எந்தப் பக்கம் வளைந்து இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வளைவால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் நாமக்கல். சொந்தமாக ஒரு லாரி, அதற்கு இரண்டு டிரைவர். சென்னியப்பன் என்கிற நான் ஒன்று, மரகதம் இன்னொன்று. கல்யாணமான புதிதில் பக்கத்து சீட்டில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவள், இரண்டே வருஷத்தில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்று ஊரே சொல்லும். நானும் சொல்வேன், அவள் காதில் விழாத தூரத்தில். இங்கே முட்டை ஏற்றினால் நாக்பூரும் டெல்லியும்தான் எங்கள் பாதை. ஒருவர் ஓட்ட, மற்றவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்குவோம். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி, ஒருவர் குறட்டையை இன்னொருவர் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியதுதான்.

அப்படி இருந்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டுப் போகும்போது, அவள் காதுக்குள் இருந்த சமநிலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எழுந்து நின்றால் விழுவாள். படுத்தால் கட்டில் சுற்றும். வண்டி ஓட்டுவதிருக்கட்டும், ஒரு சொம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கோயம்புத்தூரில் டாக்டர் ஜெசிந்தா என்றொரு அம்மா, காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து கடுகளவு ஒரு கருவியை வைத்தார். அதற்கு நீளமாக ஏதோ பெயர் சொன்னார். உள்ளே ஓயாமல் எதுவோ சுற்றுகிறது, சுற்றுகிற பம்பரம் சாயாதது போல அதுவும் திசை மாறாது என்று விளக்கினார். நாங்கள் பம்பரம் என்றே வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மரகதம் எழுந்து, எதையும் பிடிக்காமல் நேராக நடந்து என்னிடம் வந்தாள். அன்றைக்கு டாக்டரின் காலில் விழத் தோன்றியது எனக்கு.

மறுபடி முட்டை ஏற்றினோம். கிருஷ்ணகிரி தாண்டியும் அவள்தான் ஓட்டினாள், பாட்டுப் பாடிக்கொண்டு.

"ஏனுங் மாமா, இந்த ரோட்டைப் புதுசாப் போட்டிருக்காங்களா? எறக்கமாட்டமா இருக்குது" என்றாள்.

"அதே ரோடுதான். காய்ச்சல்ல கெடந்தவளுக்கு எல்லாம் புதுசாத்தான் தெரியும்."

அனந்தப்பூர் வந்ததும் பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டினாள். கர்னூலில் வண்டியை ஓரம் கட்டி, முகமெல்லாம் வியர்த்து, இந்த இறக்கத்தில் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். எதிரே ரோடு தட்டையாகக் கிடந்தது. ஒரு எருமை மாடு அதன் நடுவில் நிம்மதியாக நின்றது. நான் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டேன்.

நாக்பூரில் லாரிகள் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் இறங்கியவள் அப்படியே சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்னையப் புடிச்சுக்குங்க மாமா, உருண்டுருவேனாட்ட இருக்குது" என்றாள். சுற்றிலும் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் நேராக நிற்க, இவள் மட்டும் தெற்குப் பக்கம் சாய்ந்து நின்றாள். நேராக நிற்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஊரு தெரியுது மாமா. தெக்கால, ஒசரத்துல இருக்குது."

"மலையாட்டமா?"

"மலை இல்லீங். ஆனா ஒசரம். நம்ம வீட்டுல இருந்து பூமி சும்மா அப்புடியே எறங்கிட்டே வருது. பெங்களூரு கொஞ்சம் கீழ, கர்னூலு அதுக்குக் கீழ. கிருஷ்ணா, கோதாவரியெல்லாம் தாண்டி நம்ம அடிவாரத்துல வந்து உக்காந்திருக்கோம். இன்னும் வடக்க போனா இன்னும் எறக்கந்தான். எங்க போனாலும் எறக்கம், வீட்டுக்குப் போறது மட்டும் ஏத்தம்."

நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டு ஓடும் முருங்கை மரமும் வானத்தில் எங்கோ உச்சியில் இருப்பது போலவும், அங்கிருந்து ஒரு பெரிய சரிவு, வயலும் ஊரும் ஆறுமாக, சத்தமில்லாமல் எங்கள் காலடிவரை இறங்கி வந்திருப்பது போலவும் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும்போது ஆரஞ்சு ஏற்றினோம். இப்போது முகம் தெற்கே. அவளுக்கு வழி நெடுக ஏற்றம். "ஏத்தத்துல என்னங் மாமா பயம்? நீங்க செத்த படுங்க" என்றாள். எனக்கும் கண் சொருகியது. கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அது என் முட்டாள்தனம்.

தெலங்கானாவுக்குள் ஒரு மலைப்பாதை இறக்கம் உண்டு. நிஜமான இறக்கம். நாங்கள் நூறு தடவை இறங்கியது. மரகதத்தின் காது அதையும் ஏற்றம் என்றுதான் சொன்னது. கண் இறக்கம் என்கிறது, காது ஏற்றம் என்கிறது. கொஞ்ச நேரம் இரண்டுக்கும் நடுவில் தவித்துவிட்டு, கடைசியில் காதை நம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். என்ஜின் அலறுவதில் விழித்து முன்னால் பாய்ந்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி உரசி வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. தார்ப்பாய் கிழிந்து ஆரஞ்சுகள் கொட்டின.

மரகதம் கதவைப் பிடித்தபடி இறங்கி நின்று பார்த்தாள். மஞ்சள் வெயிலில் நூற்றுக்கணக்கில் பழங்கள் வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

"பாருங்க மாமா. பழமெல்லாம் மேட்டுல ஏறிப் போகுது" என்றாள், கனவு காண்கிறவள் மாதிரி. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நேரே கோயம்புத்தூர். டாக்டர் ஜெசிந்தா எங்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின்மேல் இரண்டு குச்சி மனிதர்களை நிற்கவைத்தார்.

"இது கோயம்புத்தூர், இது நாக்பூர். ரெண்டு பேரும் நேராத்தான் நிக்கறாங்க. ஆனா பாருங்க, ஒருத்தர் நிக்கற கோட்டுக்கும் இன்னொருத்தர் நிக்கற கோட்டுக்கும் நடுவுல சாய்வு இருக்கு. நூத்துப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி. நாக்பூருக்குப் பத்து டிகிரி. நமக்கெல்லாம் காதுக்குள்ள ஒரு தூக்குக்குண்டு இருக்கு. போற ஊர்ல அது அந்த ஊர்த் தரையைப் பார்த்துத் தொங்கிடும். அதனால நமக்கு இந்த வளைவு தெரியறதே இல்ல."

"இவளுக்கும் குண்டே வெச்சிருக்கலாமுல்லீங்?"

"வெச்சுப் பார்த்தோம். பஸ்ல பிரேக் போட்டா குண்டு ஆடுது, ஆளும் விழுந்துடறாங்க. அதனாலதான் பம்பரம். அது ஆடாது, எங்க வெச்சமோ அந்த ஊர் நேரையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். பூமி சுத்தறதைக்கூடக் கணக்குல சேர்த்தோம். உருண்டையா இருக்கறதை விட்டுட்டோம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க நோயாளிங்க எல்லாம் இந்தப் பக்கத்து ஊர்க்காரங்க. நடக்கவெச்சோம், பஸ்ல கூட்டிட்டுப் போனோம், ஊட்டி வரைக்கும் போனோம். அதுக்கு மேல யாரும் போகலை."

எனக்குக் கோபம் வந்தது. படித்தவர்கள் பத்துப் பேர் கூடி, உலகம் உருண்டை என்பதை மறந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. எடுத்துவிட்டு வேறு வைக்கவும் முடியாதாம்; எலும்போடு எலும்பாக ஒட்டிவிட்டதாம்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார். "பம்பரத்தை ஒரே ஒரு தடவை புதுசா நேர்பிடிக்க வைக்கலாம். அதுக்கு மேல நரம்பு தாங்காது. எந்த ஊர்ல படுக்கவெச்சு செய்யறோமோ, இனிமே அந்த ஊர்தான் இவங்களுக்குச் சமதரை. அதுல இருந்து ஏழெட்டு டிகிரி வரைக்கும் பழகப் பழக மூளை சமாளிச்சுக்கும், வண்டியும் ஓட்டலாம். எந்த ஊருன்னு நீங்களே யோசிச்சு வாங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். இருக்கிறபடியே இருக்கட்டும், கோயம்புத்தூருக்கும் நாமக்கல்லுக்கும் ஒரு டிகிரிதானே வித்தியாசம், செருப்புத் தேய்ந்த அளவுக்கு. வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுக்கொள்ளலாம்.

"நாக்பூருங்" என்றாள் மரகதம், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக.

"எது?"

"நாக்பூருல வெச்சா டெல்லி வரைக்கும் எனக்குத் தாங்கும். ஐதராபாத்துக்கு வடக்க நான் ஓட்டறேன், தெக்க நீங்க ஓட்டுங்க."

"அப்ப வீடு? வீடு பத்து டிகிரி சாஞ்சு போயிருமே. சாகற வரைக்கும் சொந்த வீட்டுல நேரா நிக்க மாட்டே, தெரியுமா?"

"தெரியுமுங். வருசத்துல ரெண்டு மாசம் இருப்பமா இந்த வீட்டுல? அந்த ரெண்டு மாசத்துக்காகப் பத்து மாசத்தை விட்டுத்தரச் சொல்றீங்களா?"

"டிரைவர் போட்டுக்கறேன்னு சொல்றனல்ல."

"போட்டுக்குங்க. அவன் கொறட்டையைக் கேட்டுட்டே ஓட்டுங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டைவிட ரோடு பெருசாப் போச்சா உனக்கு?" என்று கத்தினேன்.

"ரோட்டுலதான நீங்க இருக்கறீங்க" என்றாள். டாக்டருக்குப் போன் போட்டு நாக்பூர் என்றேன்.

நாக்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்துகொண்டு டாக்டர் ஜெசிந்தாவே எங்களோடு வந்தார். கட்டுப் பிரித்த அன்று மரகதம் மொட்டைமாடியில் நடந்தாள். கைகளை விரித்துக்கொண்டு சுற்றினாள். சொந்தபந்தம் ஒருவரும் இல்லாத, பாஷை புரியாத அந்த ஊர், இனி அவளுக்கு உலகத்தின் உச்சி. கண்ணை மூடினால் நான்கு பக்கமும் பூமி மெல்ல இறங்குகிறதாம். டெல்லி ஒரு பக்கம், கல்கத்தா ஒரு பக்கம், தெற்கே வெகு ஆழத்தில், நீலமாக, நம் ஊர். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் தெற்கே திரும்பிப் பார்த்தேன்.

தொழில் பழையபடி நடந்தது. அவள் சொன்ன கணக்கு சரிதான். வடக்கே அவள், தெற்கே நான். எல்லாம் நன்றாகத்தான் போனது, வீட்டுக்கு வந்து சேரும்வரை.

வாசலில் இறங்கியவள் உட்கார்ந்துவிட்டாள். எந்நேரமும் வடக்கே சாய்ந்து விழப்போகிறவளாக, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வீட்டுக்குள் நடந்தாள். அதைக்கூடச் சமாளித்தாள். தூக்கம்தான் போய்விட்டது. தெற்கே தலை வைத்தால் தலைகீழாக வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறதாம். கிழக்கே வைத்தால் கட்டிலைவிட்டு உருளுகிறாளாம். வடக்கே வைத்தால் கால்வழியாக நழுவி விழுகிறாளாம். அதுவும் போக, வடக்கே யார் தலை வைத்துப் படுப்பார்கள்? கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தே கிடந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். நாக்பூர் தரையை நாமக்கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன? வீட்டை ஒட்டி ஒரு அறை. அதன் தரை நாக்பூர் தரைக்கு நேராக இருக்க வேண்டும். அடுத்த லோடுக்கு நானும் தெரிந்த ஒரு டிரைவருமாகப் போய்வருகிறோம் என்று சொல்லி, அவளை அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, லோடு எடுக்காமல் வண்டியை ஊரிலேயே நிறுத்திவைத்துக் கட்ட ஆரம்பித்தேன். டாக்டருக்குப் போன் போட்டு எந்தப் பக்கம் எவ்வளவு தூக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மேஸ்திரி ரங்கப்பன் தரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்ணா, தண்ணி போறதுக்கு வாட்டம்னா ரெண்டு இஞ்சு போதுமுங். தெக்க தொடை ஒசரம் தூக்கச் சொல்றீங்க. இதென்ன மாட்டுக் கொட்டாய்ங்களா?"

"படுக்கற ரூமு."

"யாருக்குங்?"

"எம் பொண்டாட்டிக்கு."

ரங்கப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தரை போட்டு முடித்ததும், பழக்க தோஷத்தில் ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இது தான் கட்டியது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சினேன். சாய்ந்த அறைக்குள் பால் வடக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. வேறெங்கும் அதற்குப் போக வழியில்லை. வடக்கே பொங்கினால் யோகம் என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். வந்தவர்களெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மரகதம் வலது காலை எடுத்து வைத்தாள். அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நாக்பூருங் மாமா!" என்றாள். சுவரிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் வடக்குச் சுவர்மேல் போய் விழுந்தாள். பால் பானை உருண்டது.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கால் சிராய்த்திருந்தது. அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாதீங்க மாமா" என்றாள். "காதுக்கு இது சமதரைதான். நீங்க தரையை மாத்திட்டீங்க. அடியில இருந்து இழுக்கறதை என்ன பண்ணுவீங்க? அது நாமக்கல்லுக்குத் தக்கனதான இழுக்கும்?"

டாக்டர் ஒரு வட்டம் போட்டுக் காட்டியது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. தரையை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பூமி தன் நடுவைப் பார்த்துத்தான் இழுக்கும். மருந்து எடுக்க எழுந்தேன். "செத்த இப்படியே படுக்கறேன்" என்று மரகதம் அந்தத் தரையிலேயே தெற்கே தலை வைத்துச் சாய்ந்தாள். மருந்தோடு திரும்பி வந்தபோது தூங்கியிருந்தாள். பொங்கிய பாலின் வாடையும், உறவுக்காரர்களின் குசுகுசுப்பும், சமையல்காரரின் கரண்டிச் சத்தமும் எதுவும் அவளை எழுப்பவில்லை. நிற்பதற்குத்தான் அந்தத் தரை ஆகாது. படுப்பவர்கள் எங்கே விழப்போகிறார்கள்? எல்லோரும் வெளியே பந்தலில் ஓசைப்படாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பொழுது சாயும்வரை அவள் தூங்கினாள், குறட்டையோடு.

அதிலிருந்து ஊரில் இருக்கும் நாளெல்லாம் அந்த அறையில்தான் படுக்கை. பகலில் நடப்பதற்கு என் தோளைப் பிடித்துக்கொள்வாள். படுத்தால் எனக்குத்தான் திண்டாட்டம். தெற்கே தலை வைத்துப் படுத்தால் விடியும்போது பாயோடு வடக்குச் சுவரில் கிடப்பேன். மரகதம் சிரிப்பாள். போகப் போகச் சறுக்குவது நின்றது. பிறகு அந்தச் சரிவு இருப்பதே மறந்துபோனது.

மறந்துபோனது என்பதை நாக்பூரில்தான் கண்டுகொண்டேன். வண்டிக்குள் படுத்தால் தலை கீழே தொங்குகிற மாதிரி எனக்கு ஒரு பிரமை. புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. வெளியே சிமெண்டுத் தரை தட்டையாக, சுத்தமாகக் கிடக்கிறது, கோளாறு என்னுடையது. உலகத்திலேயே மரகதம் நேராக நிற்கிற ஒரே ஊர் இது. இந்த ஊரில் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு குறட்டைவிடுவது போல நடித்தேன். ஒவ்வொரு நடையும் இப்படியே கழிந்தது.

போன நடையில் மட்டும் நன்றாகத் தூங்கிவிட்டேன். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது, அதற்குள் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றிருந்தது.

கீழே இறங்கிப் பார்த்தேன். வண்டி சிமெண்டுத் தரையில் இல்லை. சாக்கடை ஓரத்து மண்மேட்டில், நான் தலை வைத்துப் படுக்கிற பக்கத்துச் சக்கரங்கள் மேட்டிலும் மற்றவை பள்ளத்திலுமாகச் சாய்ந்து நின்றது. உருளாமல் இருக்க எல்லாச் சக்கரத்துக்கும் கல் வைத்திருந்தது. மரகதம் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள், எதையும் பிடிக்காமல், நேராக. தூங்காமல் இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன.

"ஏம்புள்ள, வண்டியை ஏன் இங்க போட்டே?"

"உள்ள எடமில்லீங் மாமா."

அவளுக்குப் பின்னால் பார்த்தேன். சிமெண்டுத் தரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலியாகக் கிடந்தது.

"ஆமா, எடமில்ல" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு, அவளை ஏறிப் படுக்கச் சொன்னேன். கல்லையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, வண்டியை மெதுவாக இறக்கிக் கொண்டுபோய்ச் சமதரையில் நிறுத்தினேன்.